முட்டாள் உளவாளி விழுவதற்கு முன்பே நாம் ஏன் சிரித்துவிடுகிறோம்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சீரியஸான உளவுப் படம் ஓடினால் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுகிற உங்கள் அம்மா, ஒரு கிறுக்கு உளவாளி தடுக்கி விழுகிற படம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார், கூட நீங்களும் சிரிக்கிறீர்கள், ஆனால் ஹாஸ்டல் நண்பர்கள் அதெல்லாம் குப்பைப் படம் என்கிறார்கள், அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலுக்கு இது காமெடி உளவுப் படங்களைப் பற்றிய கேள்வி. உள்ளுக்குள் வேறொன்று கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது: மற்ற படங்கள் புரியாததால்தான் அம்மா இதைப் பிடித்துக்கொண்டாரா, நமக்கும் ரசனை குறைவுதானா என்று ஒரு சின்ன உறுத்தல். அந்த உறுத்தலுக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சினிமாப் படிப்பு படித்தவன் இல்லை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு தியேட்டர்களிலும் கடைசியாக மதுரைக்குள் ஒன்றிலுமாக 27 வருடம் ஆபரேட்டராக இருந்தேன். படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கிய காலம் தொடங்கி, டிஜிட்டல் வந்து ஃபிலிமே இல்லாமல் போன காலம் வரைக்கும். ஆபரேட்டருக்கு ஒரு வசதி உண்டு. 2,000 அடி ரீல் ஒன்று இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். அது முடிவதற்கு ஏறக்குறைய எட்டு நொடி முன்னால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும், உடனே அடுத்த மெஷின் மோட்டாரைப் போட வேண்டும். கடைசி நொடியில் இன்னொரு புள்ளி, அப்போது மாற்றிவிட வேண்டும். இதனால் ரீல் முடிகிற இடங்களைக் கண்ணெடுக்காமல் பார்த்தே ஆக வேண்டும், அதுவும் ஒவ்வொரு காட்சியிலும். ஒரே காட்சியை நூறு தடவை, நூறு வேறு வேறு கூட்டத்தோடு பார்த்திருக்கிறேன். சுவரில் உள்ள அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் படம் வெளியே போகும், சத்தம் உள்ளே வரும். எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒன்றைக் கவனித்தேன். உளவாளி காமெடியில் ஜனங்கள் அவன் விழும்போது சிரிப்பதில்லை, விழுவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அவன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு, தப்பான கதவை நோக்கி நடக்கிறான் பாருங்கள், அங்கேயே தரை டிக்கெட்டில் சிரிப்பு கிளம்பிவிடும். கதவைத் திறந்து உள்ளே விழும்போது வருவது அந்தச் சிரிப்பின் வால்தான்.

இன்னொரு சம்பவம், இது என் கையால் நடந்த தப்பு. ஒரு தடவை, டப்பிங் செய்து வந்த ஒரு சீரியஸ் உளவுப் படத்தில் நாலாவது ரீலையும் ஐந்தாவது ரீலையும் மாற்றிப் போட்டுவிட்டேன். மேட்னி ஷோ, கிட்டத்தட்ட முக்கால் ஹவுஸ். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. ஏதோ ஃபிளாஷ்பேக் போலிருக்கிறது, பின்னால் விளக்குவான் என்று நினைத்து அமைதியாகப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வருடமோ என்னவோ, ஒரு காமெடி உளவுப் படத்தில் அதே தப்பு நடந்தது. ரீல் மாறிய ஒரு நிமிடத்துக்குள் விசில், கூச்சல், “ஆபரேட்டர் தூங்கிட்டாரா”ன்னு சத்தம். படத்தை நிறுத்தி மாற்றிப் போட வேண்டியதாயிற்று. அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்டேன், ஆனால் பிறகு யோசிக்க யோசிக்க, இந்தப் படங்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றை அந்தக் கூச்சல்தான் சொல்லித்தந்தது. காமெடிப் படத்தில் கூட்டம் ஒவ்வொரு கணுவையும் எண்ணிக்கொண்டு வருகிறது. பேனா வெடிக்கும் என்று முன்னால் காட்டியிருந்தால் அந்தப் பேனா எப்போது யார் கைக்குப் போகும் என்று காத்திருக்கிறது. ஒரு கணு விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுகிறது. புரியாதவர்கள் பார்க்கிற படம் என்று இதை எப்படிச் சொல்வது?

என் கணிப்பு இதுதான். சீரியஸ் உளவுப் படத்தில் நாயகனுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியாது. யார் எந்தப் பக்கம், அந்த டப்பாவில் என்ன, அவள் நல்லவளா கெட்டவளா என்பதையெல்லாம் கடைசியில்தான் சொல்வார்கள். நாம் அவன் பின்னாலேயே மூச்சு வாங்க ஓட வேண்டும். காமெடியில் இது தலைகீழ். நமக்கு எல்லாம் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது. வில்லன் யார் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும், அவன் எங்கே நிற்கிறான் என்பதும் தெரியும், நம்ம ஆள் அவனிடமே போய்க் கைகுலுக்குவான். உளவு என்றாலே ரகசியத்தைத் தெரிந்துகொள்கிற வேலைதானே? அந்த வேலையை அங்கே செய்வது பார்க்கிற நாம். உங்கள் அம்மா அந்த இரண்டு மணி நேரம் படத்தில் லண்டனில் உட்கார்ந்திருக்கிற உளவுத்துறை அதிகாரிகளைவிட அதிகம் தெரிந்த ஒருவராக உட்கார்ந்திருக்கிறார். அந்த இடம் யாருக்குத்தான் பிடிக்காது!

2003-இல் வந்த ‘ஜானி இங்கிலீஷ்’ படத்தில் ஒரு காட்சி. திருடர்கள் ஒரு சவ வண்டியில் தப்பிக்கிறார்கள், உளவாளியாக வரும் ரோவன் அட்கின்சன் துரத்திக்கொண்டு போய் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இறங்குகிறார். அழுகிற சொந்தக்காரர்களைப் பார்த்ததுமே நமக்குத் தெரிந்துவிடுகிறது, இது வேறு வண்டி, நிஜச் சாவு. அவருக்கு மட்டும் தெரியவில்லை. எல்லோரும் நடிக்கிறார்கள் என்று முழு நம்பிக்கையோடு அந்த அழுகையையே கேலி செய்கிறார். வயிறு வலிக்கச் சிரிப்போம், கூடவே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். துஷ்டி வீட்டில் போய் ஒருவன் இப்படி நடந்தால் நம்ம ஊரில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உதவியாளர் வந்து, இவர் மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி வந்தவர் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்தப் பாத்திரமே முதலில் 1990-களில் ஒரு வங்கியின் கடன் அட்டை விளம்பரத்துக்காகப் பிறந்தது. அரை நிமிட விளம்பரத்தில் ஓடுகிற சரக்கு முழுநீளப் படத்திலும் ஓடியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, அந்த ஆள் தன்னை ஒரு நொடிகூடச் சந்தேகிப்பதே இல்லை.

இதுதான் இந்த வகைப் படத்தின் உயிர். நாயகன் தன்னைப் பெரிய ஆள் என்று மனதார நம்ப வேண்டும். தான் காமெடி செய்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால், நம்மைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டால், படம் அங்கேயே செத்துப்போகும். மதுரைக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உதார் விடுகிறவன், சவடால் பேசுகிறவன், அலப்பறை கொடுக்கிறவன் என்று ஒரே குணத்துக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! தெரு முக்கில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு “எவன்டா அது” என்று கிளம்பி, அடுத்த நிமிடமே எதிரில் வந்தவனைப் பார்த்துக் குரலை இறக்குகிற ஆள் நமக்கு ரொம்பப் பழக்கம். மதுரையில் பிறந்த வடிவேலு ‘வின்னர்’ படத்தில் கைப்புள்ளையாக நடந்து வருகிற நடையை ஒருமுறை பாருங்கள், பிறகு ரோவன் அட்கின்சன் துப்பாக்கியோடு சுவரோரமாக நகர்கிற நடையைப் பாருங்கள். மொழி வேறு, உடை வேறு, உடம்பு சொல்வது ஒன்றேதான். அதனால்தான் டப்பிங்கில் பாதி வசனம் போனாலும் நம்ம ஊரில் அந்தப் படங்கள் நிற்கின்றன. இதற்கு மாறாக ‘ஆஸ்டின் பவர்ஸ்’ என்கிற உளவாளிக் கிண்டல் பட வகையறா இங்கே அவ்வளவாக ஒட்டவில்லை என்பது என் அனுபவம். 1960-களின் லண்டன் உடையும் பாட்டும் பேச்சும் தெரிந்தவனுக்குத்தான் அதில் முக்கால்வாசி கிண்டல் போய்ச் சேரும்.

இதையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 59-ஆவது. அதில் ஒரு குறள்:

கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும்
உகாஅமை வல்லதே ஒற்று.

பார்க்கிறவர்கள் சந்தேகப்படாத தோற்றம், யார் முறைத்துப் பார்த்தாலும் அஞ்சாமை, என்ன ஆனாலும் உள்ளே இருப்பதைக் கக்காமை, இந்த மூன்றும் இருந்தால்தான் ஒற்றன். இப்போது காமெடி உளவாளியை இந்தக் குறளுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். வேஷம் போட்டால் ஒட்டு மீசை விழும். எதிரி முறைத்தால் வேர்க்கும். யாரும் கேட்காமலே ரகசியத்தை உளறுவான். வள்ளுவர் சொன்ன மூன்றையும் ஒன்றுவிடாமல் கவிழ்க்கிறான். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில், ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் நீயே மறைபொருளை வெளியே விட்டவன் ஆவாய் என்கிறார். ஜானி இங்கிலீஷுக்கோ ராணி கையால் சர் பட்டம் வாங்குவதுதான் வாழ்நாள் ஆசை, முதல் படத்தின் முடிவே அதுதான். ஒரு வேலைக்கான இலக்கணம் பார்க்கிறவர்கள் மனதில் உறுதியாக இருந்தால்தான் அதை மீறுவது சிரிப்பாகும். அந்த இலக்கணம் நமக்கு ரொம்ப நாளாகவே தெரியும்.

அப்புறம் ஆழ்வார்க்கடியான். ‘பொன்னியின் செல்வ’னில் வருகிற அந்தக் குட்டையான, தடியைத் தூக்கிக்கொண்டு போகிற இடமெல்லாம் சைவர்களோடு சண்டைக்கு நிற்கிற நம்பி யார்? முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். 1950-இல் தொடராக ஆரம்பித்த அந்தக் கதையில் கல்கி செய்த வேலை எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. ஒளிந்து நிற்க வேண்டியவனை ஊரே பார்க்கிற மாதிரி கத்த விட்டார். எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் சந்தேகப்படுவதில்லை, சண்டைக்காரன் என்று ஒதுங்கிப் போகிறார்கள். கடாஅ உருவுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? ஜானி இங்கிலீஷ் முட்டாள், நம்பி கெட்டிக்காரன், ஆனால் இருவரிடமும் நமக்குப் பிடிப்பது ஒன்றுதான்: இவன் யாரென்று நமக்குத் தெரியும், எதிரில் நிற்கிறவனுக்குத் தெரியாது. 2022-இல் படமாக வந்தபோது ஜெயராம் வருகிற இடங்களில் தியேட்டர் எப்படி இளகியது என்பதை ஒரு பார்வையாளனாக உட்கார்ந்து கேட்டேன்.

உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடிய முதல் ஆட்சேபம், நிஜ உளவு இப்படியா இருக்கும் என்பது. ஆச்சரியம் என்னவென்றால் சில சமயம் இதைவிட மோசமாக இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஹுவான் புஜோல் என்ற ஸ்பெயின்காரர், நான் லண்டனில் இருக்கிறேன் என்று ஜெர்மானியர்களை நம்பவைத்து, லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு சுற்றுலா வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து அறிக்கை எழுதினார். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்கிற ஆட்கள் உண்டு என்றுகூட எழுதினார், அந்த ஊர்க்காரர்கள் குடிப்பது ஒயினை அல்ல என்று அவருக்குத் தெரியாது, படித்தவர்களுக்கும் தெரியவில்லை. பிறகு பிரிட்டன் அவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. இல்லாத 27 ஒற்றர்களை அவர் கற்பனையில் உருவாக்கி வைத்திருந்தார், அவர்களுக்கெல்லாம் ஜெர்மனி பணம் அனுப்பியது. கடைசியில் ஜெர்மனியின் இரும்புச் சிலுவையும் வாங்கினார், பிரிட்டனின் எம்.பி.இ. விருதும் வாங்கினார். இது கதையல்ல, பதிவான வரலாறு. உளவுத்துறையில் வேலை பார்த்த எழுத்தாளர் கிரஹாம் கிரீன், வேக்குவம் கிளீனர் விற்கிற ஒருவன் அந்த மெஷினின் படத்தையே பெரிய ஆயுதத்தின் வரைபடம் என்று லண்டனுக்கு அனுப்புகிற கதையை 1958-இல் எழுதியபோது, காற்றிலிருந்து எடுத்து எழுதவில்லை. அதே போல, அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. 1960-களில் ஒரு பூனைக்குள் மைக் வைத்துத் தைத்து ஒட்டுக்கேட்க அனுப்பப் பார்த்ததும் உண்மை, ஆவணங்கள் வெளிவந்துவிட்டன. ஆனால் அந்தப் பூனை முதல் நாளே டாக்சியில் அடிபட்டுச் செத்தது என்று சொல்கிறார்களே, அதை அந்தத் துறையில் இருந்த அதிகாரி ஒருவரே மறுத்திருக்கிறார். அந்தப் பகுதியை நம்பாமல் விடுவதே நல்லது.

எனக்கு இன்னொரு பிரியமான படம் இருக்கிறது, பிரெஞ்சுப் படம், 1972-இல் ஈவ் ரோபேர் எடுத்தது. மதுரையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் திரையிட்டபோதுதான் பார்த்தேன். உளவுத்துறைத் தலைவர் தன் பதவிக்குக் குறிவைக்கிற துணைத்தலைவரை ஏமாற்ற, விமான நிலையத்தில் யாராவது ஒருவரைக் காட்டி இவன்தான் பெரிய ஒற்றன் என்று நம்பவைக்கச் சொல்கிறார். ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் பழுப்பு என்று ஜோடி மாறிய ஷூ போட்டுக்கொண்டு வருகிற ஒரு வயலின்காரர் மாட்டுகிறார். அவ்வளவுதான், அந்த அப்பாவி பல் டாக்டரிடம் போனாலும் சதி, போன் பேசினாலும் சங்கேதம் என்று துறையே அவர் பின்னால் அலைகிறது. படம் முடியப் போகிறவரை அவருக்கு எதுவுமே தெரியாது! நான் மேலே சொன்ன கணக்கை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோன படம் அது. அறை முழுக்கச் சிரித்தோம், அதில் பாதிப் பேருக்கு ஆங்கில சப்டைட்டில் படிக்கிற வேகம்கூடக் கிடையாது.

தமிழில் ஏன் இப்படிப் படங்கள் குறைவு? 1962-இல் முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ வந்த சூட்டில் இங்கேயும் ஓர் அலை அடித்தது. 1966-இல் ‘வல்லவன் ஒருவன்’, 1968-இல் ‘ரகசிய போலீஸ் 115’, ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டம். பாண்ட் வந்த மூன்றே வருடத்தில் அமெரிக்காவில் கிண்டலும் வந்துவிட்டது, ஷூவுக்குள் போன் வைத்திருக்கிற ‘கெட் ஸ்மார்ட்’ டிவி தொடர் 1965-இல் ஆரம்பித்தது. நம்மிடம் அந்தக் கிண்டல் தனிப்படமாக வரவில்லை. நாயகன் முட்டாளாக இருக்க நம் சினிமா விடுவதில்லை, சிரிப்பு எல்லாம் கூட வருகிறவருக்கு என்று பங்கு பிரித்துவிடுவார்கள். சுஜாதா எழுதிய 1986 ‘விக்ர’மில்கூட, சலாமியா என்கிற கற்பனை நாட்டுக்குப் போனதும் படம் பாதி விளையாட்டாக மாறுகிறது, ஆனால் விழுந்து விழுந்து சிரிக்கவைப்பது மொழிபெயர்ப்பாளராக வரும் ஜனகராஜ்தான், கமல் கமலாகவே இருப்பார். இது நாயக வழிபாட்டால்தான் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் கணக்கு எதுவும் கிடையாது, தயாரிப்பாளர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்லக்கூடும்.

நண்பர்கள் சொல்வதில் ஓர் உண்மையும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். இந்த வகையில் சோம்பேறித்தனமான படங்கள் நிறைய. வில்லன் என்றால் ஏதாவது ஓர் அந்நிய நாட்டுக்காரன், அவன் பேசுகிற விதமே கிண்டல் என்று வைத்துவிடுவார்கள். ஜேம்ஸ் கேமரூனின் ‘ட்ரூ லைஸ்’, கம்ப்யூட்டர் விற்கிறேன் என்று மனைவியிடம் பொய் சொல்லி வாழ்கிற ஒற்றனின் கதை, 1994-இல் நாங்கள் கொண்டாடிய படம். இன்றைக்குப் பார்த்தால் அதில் அரபுக்காரர்களைக் காட்டிய விதமும், கணவனே ஆளைக் காட்டாமல் மனைவியை மிரட்டி விசாரிக்கிற காட்சியும் என்னை நெளியவைக்கின்றன. பெண்களுக்கு அலங்காரத்தைத் தவிர வேலை இல்லாத படங்கள்தான் அதிகம். அதற்கு நல்ல மாற்று 2015-இல் வந்த ‘ஸ்பை’. மேஜையில் உட்கார்ந்து காதில் வழிசொல்லிக்கொண்டிருந்த மெலிசா மெக்கார்த்தி களத்துக்குப் போகிறார், அங்கே உதார் விடுகிற வேலையை ஜேசன் ஸ்டேதமுக்குக் கொடுத்துவிட்டார்கள், கெட்டிக்காரத்தனம் முழுக்க அந்தப் பெண்ணிடம். கெட்ட வார்த்தை நிறைய இருக்கும், அதனால் அம்மாவோடு பார்ப்பதற்கு முன் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள்.

நான் சொன்னது எல்லாம் மதுரைச் சுற்றுவட்டாரத் தியேட்டர் கூட்டத்தை வைத்துச் சொன்னது. வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் பார்க்கிறவர்களுக்கு இது அப்படியே பொருந்துமா என்பது சந்தேகம்தான். முந்நூறு பேர் சேர்ந்து சிரிப்பதே ஒரு தனி வேகம், அதில் எவ்வளவு படத்துக்குச் சேரும், எவ்வளவு கூட்டத்துக்குச் சேரும் என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை. ஆனால் சிரிப்பு விழுவதற்கு முன்னால் வருகிறது என்பதில் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ‘ஜானி இங்கிலீஷ் ரீபார்ன்’ போடுங்கள், 2011-இல் வந்த இரண்டாவது படம். அதில் எதிரி ஒருவன் சுவர் ஏறி, மாடி தாவி, உயிரைக் கொடுத்து ஓடுவான், நம்ம ஆள் நிதானமாகக் கதவைத் திறந்துகொண்டும் லிப்டில் இறங்கியும் அவன் பின்னால் வந்து சேருவார். அந்த இடம் வரும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அம்மாவின் முகத்தைப் பாருங்கள். லிப்ட் வருவதற்கு முன்பே சிரித்தாரா, வந்த பிறகு சிரித்தாரா என்று இங்கேயே எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.